பழனியின் கையால் போணி

1

சென்ற வாரம் எங்கள் தில்லி கிளை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எங்களிடம் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்து ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து வாழ்த்து வந்தது. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். முட்டை போட்டதா என்று கேட்டேன். போடாதது என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன்.

சந்தேகப்படுவது என் சுபாவம். கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் இருந்தபோதே கொஞ்சம் இருந்தது. தில்லிக்கு வந்த பிறகு அதற்கு நல்ல தீனி கிடைத்தது. வந்த புதிதில் காஸ் இணைப்பு மாற்றப் போனேன். என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து எதற்கு, பின்னால் ஏன் ஒன்றும் இல்லை, நான் யாரிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று அந்த அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். சிலிண்டரைப் பெண்பாலாக்கி என் மனைவியை ஆண்பாலாக்கிவிட்டேன் போலிருக்கிறது, அவருடைய சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. 'கல் ஆயியே', நாளைக்கு வாருங்கள் என்று ஒரு மாதம் அலைக்கழித்தார். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இந்த ஊரில் அதற்குப் பெயர் அறிமுகம்.

"அப்பாவுக்கு ஷக் கி பீமாரி" என்பாள் என் மகள் காவ்யா. சந்தேக வியாதியாம். அவள் சொல்வது சரிதான். ஆனால் கேக் தின்றவர்கள் யாருக்கும் அந்த இணைப்பின் கதை முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களாவது தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

2

எங்களுடையது பம்பு கம்பெனி. கோயம்புத்தூரில் செய்வதை வடக்கே விற்கிற கிளைக்கு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை மேனேஜராக அனுப்பினார்கள். "ரெண்டே வருசமுங் கந்தசாமி, அப்புறம் நானே கூப்பிட்டுக்கறேன்" என்றார் முதலாளி. இன்னும் கூப்பிடவில்லை.

கீர்த்தி நகரில் முன்பக்கம் கவுண்டர், பின்பக்கம் குடோன், மாடியில் அலுவலகம். கவுண்டரில் சுதேஷ். பஞ்சாபிக்காரர், எனக்கும் முந்தியே அங்கே இருப்பவர். குடோனுக்குப் பழனி. விழுப்புரம் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு கட்டட வேலைக்கு வந்தவன். இந்தர்புரிக் குடிசைப் பகுதியில் வளர்ந்து, எங்களிடம் மூட்டை இறக்க வந்து, பிறகு குடோன் பொறுப்புக்கு உயர்ந்தவன். எழுதப் படிக்க வராது. பெட்டியின் நிறத்தையும் கனத்தையும் வைத்தே சரக்கை எடுத்துவிடுவான். என்னோடு தமிழ் பேசுவான், சுதேஷோடு என்னைவிட நல்ல இந்தி பேசுவான்.

கவுண்டரில் பில் போட ஒரு மென்பொருள், குடோன் இருப்புக்கு ஒன்று, கோயம்புத்தூர் தொழிற்சாலையில் இன்னொன்று. மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. நடுவில் கமலேஷ் என்ற பெண்மணி இருந்தார். சாயங்காலம் கவுண்டர் பில்களைப் பார்த்துக் குடோன் கணக்கில் திரும்பத் தட்டுவார், குறைந்த சரக்கை எழுதிக் கோயம்புத்தூருக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். அவர் விரல் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டினால் அங்கிருந்து லாரி கூடுதலாகக் கிளம்பும். ஒருமுறை அப்படிக் கிளம்பியே விட்டது. அதன் பிறகு முதலாளி, "மூணையும் இணைச்சுப் போடுங்க, ஆள் கை படாம ஓடோணும்" என்று சொல்லிவிட்டார்.

எப்படி இணைப்பது என்று முடிவெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

3

மூன்று பேர் வந்தார்கள்.

முதலாமவர் கோட்டும் டையுமாக வந்தார். இருக்கிற மூன்றையும் தூக்கிப் போடுங்கள், எங்களிடம் ஒரே பெரிய மென்பொருள் இருக்கிறது, எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும் என்றார். மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்றால் கிணற்றையே மூடச் சொல்கிறாரே என்று பட்டது. இதனால் என்ன சிரமம் வரும் என்று கேட்டேன். ஒன்றும் வராது என்றார். அப்போதே அவரை மனதுக்குள் வழியனுப்பிவிட்டேன்.

இரண்டாமவர் நடுவில் ஒரு மென்பொருளை உட்கார வைக்கச் சொன்னார். மற்ற மூன்றும் அதனிடம்தான் பேசும், யாருக்கு எது தேவையோ அதை அது போய்ச் சொல்லும். நாளைக்குப் பத்து மென்பொருள் வந்தாலும் கவலையில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது தரகர் ஏற்பாடு. இரண்டு வீட்டு விஷயமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் படுத்துவிட்டால் கல்யாணமே நின்றுபோகும். இதில் என்ன சிரமம் என்று இவரையும் கேட்டேன். ஒரு சிரமமும் இல்லை என்று இவரும் சத்தியம் செய்தார்.

மூன்றாவதாக வந்தவள் ரம்யா. நேரு பிளேஸில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தாள். அப்பா சர்க்கார் உத்தியோகம், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கவுண்டரிலிருந்து குடோனுக்கு ஒரு நேர் இணைப்பு, குடோனிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒன்று.

"ரெண்டே கோடுதான் அங்கிள், பஸ், அவ்ளோதான்."

"இதுல என்னம்மா சிரமம் வரும்?"

"வரும் அங்கிள். இன்னும் நாலு சாஃப்ட்வேர் வாங்கினீங்கன்னா கோடெல்லாம் கிச்சடி ஆயிடும். அப்புறம், நீங்க சொன்னதை மட்டும்தான் அது செய்யும். நீங்க சொல்லாதது அதுக்குத் தெரியவே தெரியாது. நான் மறுபடி வந்து எழுதணும்."

குறையைத் தானே சொன்னவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. சந்தேகக்காரன் ஆள் எடுக்கிற முறை அதுதான். வேலையை அவளுக்கே கொடுத்தேன்.

4

ரம்யா ஒரு வாரம் கவுண்டரில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். என்ன செய்கிறீர்கள், எதற்குப் பின் எது, யார் யாரிடம் சொல்வார்கள். நானும் பக்கத்திலேயே நின்றேன். அவள் கேட்க மறந்ததை நான் கேட்டேன். கடன் பில்லா, திரும்பி வந்த சரக்கா, பாதி சரக்கு இன்று பாதி நாளையா, ஒன்றையும் விடவில்லை.

"போட்ட பில்லை எப்பவாவது கேன்சல் பண்ணுவீங்களா?" என்று சுதேஷிடம் இந்தியில் கேட்டாள்.

"கபி நஹி, பேட்டா" என்றார் சுதேஷ். ஒருபோதும் இல்லையாம். நெஞ்சில் கையை வேறு வைத்துக்கொண்டார். முந்தைய மாதங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ரத்தான பில் ஒன்றுகூட இல்லை. சுதேஷ் சொன்னது அப்படியே எழுதப்பட்டது.

இணைப்பு ஓடத் தொடங்கியது. கவுண்டரில் பில் அடித்த மறுகணமே குடோன் கணக்கில் சரக்கு குறைந்தது. குறைந்தது எது என்ற தகவல் தானாகவே கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. கமலேஷை டெலிபோன் பக்கம் மாற்றினோம். அவருக்கும் சந்தோஷம்தான். முதலாளி போனில் இரண்டு தடவை பாராட்டினார். நான் முதல் மாதம் முழுக்கக் கையாலும் கணக்கு எழுதி ஒப்பிட்டேன். பம்புகள் எல்லாம் சரியாக இருந்தன. சின்னச் சாமான்களை ஒப்பிடவில்லை.

5

இந்த இடத்தில் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காவ்யாவை ஜனக்புரித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தோம். நடுவில் அவளே வேறு பள்ளிக்கு மாறப் பிடிவாதம் பிடித்தாள். இப்போது தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து, "அம்மா, பால் கிழிஞ்சு போச்சு" என்று கத்தினாள். பால் திரிந்தால் இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். என் மனைவி சரசு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோழிகளோடு அவள் போனில் வேக இந்தியில் பேசும்போது, என்னைப் பற்றித்தான் பேசுகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். "ஏனுங்க, புள்ளை ஏதோ பரீட்சையப் பத்திப் பேசறா, போய்ப் படுங்க" என்று சரசு விரட்டுவாள்.

அலுவலகத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே தமிழ் எங்களுக்குக் கதவைச் சாத்திய அறை. சம்பளம், லீவு, தலைமை அலுவலகத்து வம்பு எல்லாவற்றையும் சுதேஷின் மூக்குக்கு முன்னாலேயே தமிழில் பேசிவிடலாம். அவருக்குப் புரியாது. ஊர் விஷயம் பேசுகிறார்கள் என்று அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். எங்களுக்கு இது ரொம்ப வசதி என்றே நினைத்திருந்தேன்.

6

இணைப்பு வந்து அரை வருடம் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து தணிக்கைக்காரர் வந்தார். குடோனில் ஒவ்வொரு தட்டாக எண்ணினார். மெக்கானிக்கல் சீல் வைத்திருக்கும் தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பம்புக்குள் தண்ணீர் கசியாமல் பிடித்து வைக்கிற வளையம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும், விலை மட்டும் அடங்காது. கணக்கில் இருப்பதைவிடத் தட்டில் நிறைய இருந்தது.

குறைந்தால் திருட்டு என்று எல்லோருக்கும் தெரியும். கூடினால் என்ன பெயர்? தணிக்கைக்காரரிடம் அதற்கும் பெயர் இருந்தது. தில்லிச் சந்தையில் எங்கள் சீலுக்கு டூப்ளிகேட் வருகிறது, பெட்டி முதற்கொண்டு அச்சு அசலாக. அவர் குடோன் கணக்கைத் திறந்து எனக்குக் காட்டினார். தினமும் காலையில் முதல் பதிவாக ஒரு சீல் வெளியே போயிருக்கிறது. வாங்கியவர் பெயர் பழனி. கவுண்டர் கணக்கில் அப்படி ஒரு பில்லே இல்லை.

"புரியுதுங்களா? பில்லை எப்படியோ மறைச்சுட்டு, காசு கட்டாம தெனமும் ஒரு அசலை எடுத்திருக்கான். எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு டூப்ளிகேட்டை உள்ள வெச்சிருக்கான். குடோன் கணக்குல தானா குறையும்னு அவனுக்குத் தெரியல, அதான் மாட்டிக்கிட்டான்."

அவர் சொன்னதில் ஓர் ஓட்டைகூட இல்லை.

பழனியை மாடிக்குக் கூப்பிட்டோம். கதவு திறந்துதான் இருந்தது. சுதேஷ் வெளியே நின்றிருந்தார். நாங்கள் தமிழில் பேசியதும் டீ குடிக்கப் போய்விட்டார்.

"நீ சீல் வாங்குவியா பழனி?" என்று தணிக்கைக்காரர் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"நானா? எனக்கு எதுக்கு சார் சீலு? ஒருநாளும் வாங்கினது இல்ல."

"குடோன் கணக்குல உன் பேர்ல பில்லு இருக்கே."

"எம் பேர்ல இன்னா சார் பில்லு? எனக்குத் தெரியாது சார்." என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க சார்."

நான் என்ன சொல்வது? அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. நிஜம் சொல்கிறான் என்றும் தோன்றவில்லை. 'மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு' என்று தணிக்கைக்காரர் முணுமுணுத்தார். பழனி திரும்பித் திரும்பிக் கதவைப் பார்ப்பதை இரண்டு பேருமே கவனித்தோம். சீல்களில் கொஞ்சத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி அறுத்துப் பார்ப்பது, அதுவரை பழனி வேலைக்கு வரவேண்டாம் என்று முடிவாயிற்று. சீட்டைக் கிழிக்கிற உத்தரவை அப்போதே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார் அவர். சோதனை முடிவு வரட்டும் என்று சொல்லி வாங்கி மேசைக்குள் போட்டேன். எனக்குத் தணிக்கைக்காரர் மேலும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

பழனி படியிறங்கிப் போனான்.

7

மறுநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போனேன். பாசத்தால் அல்ல. பழனிக்குக் கூட்டாளி யாராவது இருந்தால், நான் வருவதற்குள் டூப்ளிகேட்டை அப்புறப்படுத்திவிடுவான் என்ற பயம். அந்த நேரத்தில் நான் கடையைப் பார்த்ததே இல்லை.

கவுண்டரில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் கடன் கணக்கு. பெரிய ஆர்டர். சுதேஷ் பில் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் நிற்கிறீர்கள்?"

"போனி நஹி ஹுயி, சார்ஜி. பழனி கஹாங் ஹை?"

இன்னும் போணி ஆகவில்லை, பழனி எங்கே. நாளின் முதல் வியாபாரம் ரொக்கமாக, நல்ல கையால் நடக்கவேண்டும். நம்மூரில் போணி, கைராசி என்போம். இங்கே அதையே போனி என்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். பழனிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

சுதேஷ் விளக்கினார். பல வருடத்துக்கு முன், வியாபாரமே இல்லாத ஒரு காலத்தில், யாரோ கேட்டார்கள் என்று பழனி காலையில் முதல் ஆளாக ஒரு சீல் வாங்கினானாம். அன்று கவுண்டரில் நிற்க இடமில்லாத கூட்டம். அன்றிலிருந்து தினமும் காலையில் பழனி குடோனிலிருந்து சுற்றி வந்து, வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் நின்று ஒரு நாணயத்தைக் கொடுப்பான். சுதேஷ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு சீலைக் கொடுப்பார். அவன் வாசல்படி தாண்டிப் போய், பின்வழியாக வந்து அதைத் தட்டிலேயே வைத்துவிடுவான். சாயங்காலம் நாணயம் அவனிடம் திரும்பிப் போகும்.

"பில்?"

"பில் அடிக்காமல் எப்படி சார்ஜி போனி ஆகும்? பெயர் போடாவிட்டால் மெஷின் விடாது. பழனி பெயரைப் போடுவேன். சாயங்காலம் அழித்துவிடுவேன். கமலேஷுக்குத் தெரியும், அந்த ஒரு பில்லை மட்டும் விட்டுவிடுவார்."

"ரம்யா உங்களைக் கேட்டாளே, பில் கேன்சல் உண்டா என்று!"

சுதேஷுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அது வியாபாரத்துப் பில்லைப் பற்றிக் கேட்டது. வோ தோ பகவான் கா பில் தா!" அது பகவானுடைய பில்லாம்.

கமலேஷ் விட்டுவிட்ட பில்லை இணைப்பு விடவில்லை. தினமும் காலையில் பிடித்துக் குடோனுக்குக் கொண்டுபோய்விட்டது. சாயங்காலம் அழித்ததை யாரும் அதற்குச் சொல்லவில்லை, அதனால் அது திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. பழனிக்குத் தன் பெயரில் பில் அடிப்பதே தெரியாது, சாமிக்குச் செய்வதை அவன் வாங்குவதாக நினைத்ததும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமும் இல்லை. சாமி கும்பிட்டதைத்தான் அரை வருடம் திருட்டாக எழுதி வைத்திருந்தோம்.

8

அன்றே ஆட்டோ பிடித்து இந்தர்புரிக்குப் போனேன். சுதேஷும் கூட வந்தார். சந்து முழுக்க நம் ஜனங்கள். பழனியின் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை.

"வேலை போனாக்கூடப் பரவால்ல சார். வூட்டு வேலை செஞ்சி நான் பாத்துப்பேன். தெரு மொத்தமும் கேக்குது, கம்பெனில இன்னா எடுத்தான்னு. நாங்க இன்னான்னு சொல்றது?"

நடந்ததை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கத் தமிழில் சொன்னேன். பழனி மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் நம்பாமல் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அன்றைக்குத்தான் அது எவ்வளவு கொடுமையானது என்று உறைத்தது.

கோயம்புத்தூரில் அறுத்துப் பார்த்ததிலும் எல்லாம் அசல் என்று வந்தது. "அந்தப் பையனுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் குடுத்துருங்" என்றார் முதலாளி. பையனுக்கு நாற்பது வயது. தணிக்கைக்காரர், தில்லியில் முறையே சரியில்லை என்று எழுதி அனுப்பினார். அவர் எழுதியதிலும் தப்பில்லை.

பழனி வேலைக்கு வந்தான். ரம்யா ஓடி வந்து, "முதல் பில்லை மட்டும் விட்டுடச் சொல்லி எழுதிடறேன் அங்கிள், உங்க பழக்கத்தை மாத்த வேண்டாம்" என்றாள்.

"வேணாம்மா" என்றான் பழனி. "இனிமே எம் பேரு அதுல வேணாம்."

சுதேஷ் கெஞ்சினார். நாணயத்தைத் தானே அவன் கையில் திணித்துப் பார்த்தார். பழனி அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, இந்தியில் அமைதியாகச் சொன்னான்: "இந்தக் கையைத் திருட்டுக் கை என்று சொல்லியாயிற்று, பாய்சாப். இதில் வாங்கினால் உங்களுக்கு எப்படி வியாபாரம் ஆகும்?" அதன் பிறகு சுதேஷ் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யார் முதலில் ரொக்கம் கொடுக்கிறார்களோ அவர்களே போணி. வியாபாரம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ரம்யா அழித்த பில்லையும் கொண்டுபோகும்படி இணைப்பை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் எடுத்த முடிவு சரியா என்று இன்னமும் யோசிக்கிறேன். நடுவில் தரகரை வைத்திருந்தாலும் அந்தப் பில் போயிருக்கும். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு ஒன்றாக வாங்கியிருந்தால், அதில் போட்ட பில்லைச் சுதேஷால் அழிக்கவே முடியாமல் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். மூன்று கம்பெனிக்காரர்களையும் தோண்டித் துருவிச் சந்தேகப்பட்டேன். ஒன்றும் வீண்போகவில்லை என்று சொல்ல ஆசைதான்.

பழனி திரும்பி வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் மாடியேறி என் மேசைக்கு வந்தான். துணிப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"என்னப்பா இது? யார் கேட்டா?"

"யாரும் கேக்கல சார். நீங்க பாத்துடுங்க."

"வேண்டாம் பழனி. உன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல."

"இருக்கட்டும் சார். பாத்துடுங்க. பாத்துட்டா நான் நிம்மதியாப் போவேன்."

ஒரு வாரத்தில் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தேன், அவன் நகராமல் நின்றான். கோபித்துக்கொண்டும் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்த மூட்டை இறக்குகிற ஆட்கள் இதைக் கம்பெனிச் சட்டம் என்று நினைத்து அவன் பின்னால் பையைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் திட்டி அனுப்பிவிட முடிகிறது. பழனியைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை.

இன்றைக்கும் வந்தான். டப்பாவுக்குள் ஒட்டியிருந்த இரண்டு பருக்கைச் சோற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, சரிப்பா, போயிட்டு வா என்றேன். அதற்கப்புறம்தான் மூடியைப் போட்டான்.